பென்சிலால் எழுதிய எண்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

“போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 39 வயது. புறக்கோட்டையில் ஓர் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் 9 வருடம் கணக்கு எழுதினேன். இருபது பேருக்கு மேல் வேலை செய்கிற இடம். முதலாளி எங்கள் சபைதான், கமிட்டியிலும் இருக்கிறார். ஸ்டோர் பொடியன்களின் சம்பளத்தில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) என்று நூற்றுக்கு 8 பிடிப்போம். பிடித்த காசு கட்டப்படுவதில்லை. கட்டியது போலக் காட்டும் தாளில் முதலாளி பென்சிலால் எண்களைப் போட்டு, ‘இதை மையால் எழுதித் தாங்கோ’ என்று அனுப்புவார். இரண்டு மாதம் எழுதினேன். மூன்றாம் மாதம் கை வரவில்லை, மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமையே விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பக்கத்து மேசைப் பிள்ளை எழுதிக் கொடுத்தாள். இப்போது என் கதிரையில் இருக்கிறாள். அவளை நினைத்தால் எனக்கு எரிகிறது.

“வருடப் பிறப்பு இரவு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை இது: ‘சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்.’ அந்த வருடமே வேலை போனது. இப்போது வீட்டுக்காரர் அனெக்ஸை மார்ச் முடிவுக்குள் விடச் சொல்கிறார். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். புது வீட்டுக்கு ஒரு வருட அட்வான்ஸ் கேட்கிறார்கள், எங்களிடம் இல்லை. முதலாளியோ, தசமபாகம் கொடுத்தபடியால் கர்த்தர் புது வேன் தந்தார் என்று சபையில் சாட்சி சொல்கிறார். எனக்குள் மறைவான பாவம் ஏதோ இருக்கும் என்கிறார் மாமி. விடிய 3 மணிக்கு எழும்பிவிடுகிறேன், பிறகு நித்திரை இல்லை. நல்ல குணத்துக்குத் தேவன் வாக்குப்பண்ணின ஆசீர்வாதம் எங்கே ஐயா? தொழில் திணைக்களத்தில் முறையிட்டால் என் சாந்தகுணம் கெட்டுப்போகுமா?

“பி.கு.: ஸ்டோரில் இருக்கும் மஸ்கெலியாப் பொடியன் ஒருவன் இப்போதும் மாதம் ஒருக்கால் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பான். அக்கா என்றுதான் கூப்பிடுவான். போன முறை தேயிலை கொண்டுவந்தான்.”

அன்பான சகோதரிக்கு,

முதலில் மாமியின் பேச்சை ஒரு பக்கம் வைப்போம். சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவுக்கு அவருடைய சிநேகிதர்களும் இதைத்தான் அதிகாரம் அதிகாரமாகச் சொன்னார்கள். முடிவில் கர்த்தருடைய கோபம் மூண்டது அவர்கள் மேல். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் இயேசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஆனால் மாமியோடு சண்டை வேண்டாம். வீடு போகப்போகிறதே என்ற பயத்தில் அவர் பேசுகிறார். பயந்த மனதுக்கு ஒரு காரணம் வேண்டும். கைக்கு எட்டியது மருமகள்.

அந்த அட்டையைப் பற்றி நான் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் அவற்றை வெட்டுகிறவர்களில் நானும் ஒருவன். கிறிஸ்மஸ் ஆராதனைகள் முடிந்த கையோடு, வாலிபர் இரண்டு பேரும் நானுமாக மேசையில் உட்கார்ந்து, அட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி, வசனங்களை ஒட்டிக் கூடையில் போடுவோம். 31ஆம் திகதி நள்ளிரவு மணி அடித்ததும் சனம் வரிசையாக வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். எடுக்கும் விரல்களில் ஒரு நடுக்கம் இருக்கும். அந்த நடுக்கத்தை நான் மதிக்கிறேன். அது காசுக்கும் பிள்ளைகளுக்கும் சுகத்துக்குமாக ஒரு வருடத்தைக் கர்த்தர் கையில் வைக்கிற நடுக்கம். ஆனால் எந்த வசனத்தைக் கூடையில் போடுகிறோம், எதை விடுகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். ‘உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு’ என்ற அட்டையை எந்தக் கூடையிலும் நான் கண்டதில்லை. உங்களுக்கு நன்மையையே நினைத்திருக்கிறேன் என்கிற எரேமியா 29:11 எல்லாக் கூடையிலும் இருக்கும். அந்த நன்மை வந்து சேர 70 வருடம் ஆகும் என்கிற 10ஆம் வசனத்தை ஒருவரும் அச்சிடுவதில்லை. எரேமியா அனுப்பிய அந்தக் கடிதத்தைப் பாபிலோன் சிறையிருப்பில் கையில் வாங்கிய பெரியவர்கள் தங்கள் வாழ்நாளில் திரும்பிப்போக முடியாது. அவர்களுக்கும் அது வாக்குத்தத்தமாகத்தான் எழுதப்பட்டது.

உங்களுக்கு வந்த வசனத்தையும் நாங்கள்தான் அதன் இடத்திலிருந்து வெட்டி எடுத்தோம். மத்தேயு 5இல் 3 முதல் 12 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். சாந்தகுணமுள்ளவர்களுக்கு முன்னால் துயரப்படுகிறவர்கள் நிற்கிறார்கள், பின்னால் நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்கள். முடிவில் நீதியினிமித்தம் துன்பப்படுகிறவர்கள். வெவ்வேறு ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்த வசனங்கள் என்று இவற்றை நான் நினைக்கவில்லை. இயேசு ஒரே மனிதனின் முகத்தைப் பல பக்கத்திலிருந்து காட்டுகிறார். விடிய 3 மணிக்கு அழுதபடி விழித்திருப்பதும், யாரோ ஒரு வீட்டுப் பொடியனின் 8 சதவீதத்துக்காக வயிறு எரிவதும், அதற்காகக் கதிரையை இழப்பதும் அந்தப் பத்து வசனத்துக்கு வெளியே நடந்தவையா? கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாசித்தால் உங்கள் வருடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

இனி ‘பூமி’க்கு வருவோம். நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான். இயேசு அந்த வரியைப் புதிதாகச் சொல்லவில்லை, 37ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கிறார். ‘பொல்லாதவர்களைக்குறித்து எரிச்சலடையாதே’ என்று தொடங்குகிற சங்கீதம் அது. பக்கத்து மேசையைப் பார்த்து எரிகிறவர்களுக்காகவே எழுதியது போல இருக்கும். பூமியைச் சுதந்தரிப்பார்கள் என்ற வாக்கு அதில் ஐந்து தரம் வருகிறது. மூல எபிரெயத்தில் அந்த இடத்தில் இருக்கிற ‘எரெட்ஸ்’ என்ற சொல்லுக்கு உலகம் என்றும் பொருள், காணி நிலம் என்றும் பொருள். சாந்தகுணமுள்ளவர்கள் என்று நாம் வாசிக்கிற ‘அனாவிம்’ என்ற சொல், நெருக்கப்பட்டுக் குனிந்து போனவர்களைக் குறிப்பது. துன்மார்க்கன் செழிக்க, தாங்கள் கால் வைக்க இடமில்லாமல் நின்றவர்களிடம்தான் காணியைப் பற்றி அந்தச் சங்கீதம் பேசுகிறது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு அந்த வசனத்தை வாசிக்க உங்களுக்குக் கசந்தது எனக்கு விளங்குகிறது. ஆனால் அது முதலில் எழுதப்பட்டது காணி இல்லாதவர்களுக்கு.

‘சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்’ என்ற சொல்லிலும் கொஞ்சம் நில்லுங்கள். இளம் பிள்ளைகள் பலர் இதைச் சுதந்திரம் என்றே வாசிக்கிறார்கள். இது சுதந்தரம், தகப்பன் சொத்தில் பிள்ளைக்கு உள்ள பங்கு. எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் சொத்துக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. பெற்றோர் வழியாக வருவது முதுசம். கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம். வேதத்தில் விசுவாசிக்குச் சொல்லியிருக்கிற ஆசீர்வாதம் முழுவதும் முதுசத்தின் பாஷையில் இருக்கிறது. ‘நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே’ என்று பவுல் எழுதுகிறார். முதலாளியின் சாட்சியோ தேடியதேட்டத்தின் பாஷை: இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு வந்தது. சகோதரி, உங்கள் கேள்வியிலும் அதே பாஷை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. நல்ல குணத்தைக் கொடுத்தேன், அதற்குரியது எங்கே என்று கேட்கிறீர்கள். பிள்ளை தகப்பனிடம் சம்பளச் சீட்டு கேட்பதில்லை.

அப்படியானால் எல்லாம் மறுமைக்குத்தானா, இங்கே ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். எபேசியர் 1:14ஐப் பாருங்கள்: ஆவியானவர் ‘நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரமாயிருக்கிறார்.’ அச்சாரம் என்றால் நீங்கள் இப்போது ஓடித் திரிந்து சேர்க்கிற அதே அட்வான்ஸ்தான். முழுத்தொகை பிறகு வரும் என்பதற்கு முன்கூட்டிக் கையில் வைக்கிற பங்கு. அந்த ஆவியானவர் ஒரு மனிதனுக்குள் இருக்கிறார் என்பதை எதைக் கொண்டு அறிவது? கலாத்தியர் 5இல் பவுல் வரிசையாகச் சொல்கிறார்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஒன்பதையும் சொல்லிவிட்டு அதைக் ‘கனி’ என்கிறார். கனிகள் என்று சொல்லவில்லை. ஒரே கனி. ஆகவே நல்ல குணத்தைக் கொடுத்து ஆசீர்வாதத்தை வாங்குகிறோம் என்று நினைக்காதீர்கள். அந்தக் குணமே ஆசீர்வாதத்தின் முதல் தவணை. மூன்றாம் மாதம் அந்தத் தாள் உங்கள் மேசைக்கு வந்தபோது ‘கை வரவில்லை’ என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நீங்கள் அதை ஒரு நட்டத்தின் தொடக்கமாக எழுதியிருக்கிறீர்கள். பென்சில் எண்ணின் மேல் பேனாவை வைக்க முடியாமல் ஒரு கை நின்றதே, அது உங்கள் சொந்தத் தைரியம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அச்சாரம் உங்கள் கைக்கு வந்த நாள் அது.

வீடு கிடைக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். இளம் வயதில் முகத்துவாரத்தில் ஒரு தகப்பனுக்கு, பிள்ளை கட்டாயம் சுகமாகும் என்று கர்த்தர் பெயரால் சொன்னேன். பிள்ளை இறந்துபோனது. அந்த மனிதர் அதற்குப் பிறகு ஆலயப் படி ஏறவில்லை. தேவன் சொல்லாததை அவர் வாயில் வைத்தவன் நான். அதை இன்றுவரை சுமக்கிறேன். எபிரெயர் 11, விசுவாச வீரர்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, இவர்கள் எல்லாரும் நற்சாட்சி பெற்றும் ‘வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்’ என்று எழுதுகிறது. அவர்களுடைய குணத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

முறையிடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: முறையிடுங்கள். சாந்தகுணம் வாய் பொத்தி இருப்பது என்று எங்கள் சபைகளில், அதுவும் பெண்களுக்கு, அதிகமாகப் போதித்துவிட்டோம். பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று வேதம் சொல்வது மோசேயை. பார்வோன் முன்னால் போய் நின்று, என் சனத்தைப் போகவிடு என்று கேட்டவர் அவர். இயேசுவைப் பிரதான ஆசாரியனின் சேவகன் அறைந்தபோது அவர் திருப்பி அறையவில்லை. ஆனால் ‘நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்’ என்று கேட்டார். பிலிப்பியில் பவுலை விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, இரகசியமாய்ப் போய்விடு என்றபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று சொல்லிவிட்டார். தனக்காகப் பழிவாங்காமல் இருப்பதும், அநியாயத்தை அநியாயம் என்று உரிய இடத்தில் சொல்வதும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும். சாந்தகுணம் என்பது அந்த இரண்டும் சேர்ந்தது.

வேன் சாட்சிக்கும் ஒரு சொல். தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்கிற மல்கியா 3:10 எனக்கும் பிரியமான வசனம். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முந்தி, கூலிக்காரனுடைய கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாய்த் தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்று அதே கர்த்தர் சொல்லியிருக்கிறார். யாக்கோபு 5:4இல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. இதை வாசிக்கிற விசுவாசியான முதலாளிமாரே, ஊழியரின் 8 சதவீதத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர் யாரும் உங்களில் இருந்தால், அந்தக் காசிலிருந்து வருகிற தசமபாகத்தைக் காணிக்கைத் தட்டில் போடாதீர்கள். முதலில் பொடியனின் கணக்கில் போடுங்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒன்றையும் கேட்கிறேன். முதல் இரண்டு மாதம் எழுதினீர்கள். மாமி சொல்கிற மறைவான பாவம் இது என்று நான் சொல்லவில்லை; ஆனால் 3 மணிக்கு உங்களை எழுப்புவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். அறிக்கையிடுங்கள், மன்னிப்பு உண்டு. பிறகு வரி வசூலித்த சகேயுவைப் போலச் செய்யுங்கள். அவர் மரத்தால் இறங்கி வந்து அழுதுகொண்டு நிற்கவில்லை, நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று கணக்குச் சொன்னார். உங்களால் காசு கொடுக்க முடியாது. அந்த இரண்டு மாதத் தாளில் என்ன நடந்தது என்று உண்மையைச் சொல்ல முடியும். உங்கள் திருப்பிக் கொடுத்தல் அதுதான். முறையிடப் போகும்போது அந்த இரண்டு மாதத்தையும் மறைக்காமல், ஒரு சட்டத்தரணியிடம் முதலில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இது விளங்கினால் பக்கத்து மேசைப் பிள்ளையின் மேலுள்ள எரிச்சலும் வேறு விதமாகத் தெரியும். நீங்கள் இரண்டு மாதம் நின்ற இடத்தில் அவள் இன்னும் நிற்கிறாள். அவளுக்கும் வீட்டு வாடகை இருக்கும். ‘நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்’ என்ற வசனம் கோபத்தை இல்லை என்று சொல்லச் சொல்லவில்லை. உடனே நேசிக்கிறேன் என்று பொய் சொல்லவும் வேண்டாம். அவளுக்குக் கை வராமல் போகிற நாள் ஒன்று வரட்டும் என்று ஜெபியுங்கள். இப்போதைக்கு அது போதும்.

நித்திரை இல்லாததை விசுவாசக் குறைவாக எடுக்காதீர்கள். சூரைச்செடியின் கீழ், நான் சாகிறேன் என்று கிடந்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை; அடையும் தண்ணீரும் கொடுத்தான், எலியா திரும்பப் படுத்துக்கொள்ள, இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இரண்டு கிழமைக்கு மேலாக இப்படி இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம்.

இப்போது உங்கள் பி.கு. கடிதத்தின் அடியில், இடம் மிச்சம் இருந்தபடியால் எழுதினது போல எழுதியிருக்கிறீர்கள். மாற்கு 10:30இல் தம்மைப் பின்பற்றி இழந்தவர்களுக்கு இயேசு ‘இம்மையிலே’ தருவேன் என்று சொல்வது வீடுகளையும் சகோதரரையும் சகோதரிகளையும் தாய்களையும் பிள்ளைகளையும் நிலங்களையும். ‘துன்பங்களோடேகூட’ என்று நடுவில் ஒளிக்காமல் சேர்த்தே சொல்கிறார். ஒன்பது வருடச் சேவை முடிந்து நீங்கள் வெளியே வந்தபோது, மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு பொடியன் உங்களை அக்கா என்று பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறான். தன் சீட்டில் உள்ள எண்களை நம்பி வாசிக்கக் கொழும்பில் அவனுக்கு ஓர் ஆள் உண்டு. லயத்து வீட்டிலிருந்து ஒரு தாய் அந்தத் தேயிலையைச் சுற்றிக் கொடுத்திருப்பாள். ஆசீர்வாதம் எங்கே என்று முதல் பக்கத்தில் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அந்த வசனத்தில் ‘வீடுகள்’ வருவதும் சபை மூலமாகத்தான். உங்கள் போதகரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: மார்ச்சுக்குள் வீடு வேண்டும், ஒரு வருட அட்வான்ஸ் இல்லை, மூன்று மாதம் தரலாம். கேட்க வெட்கப்படாதீர்கள். கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் மேல்மாடியைப் பூட்டி வைத்திருக்கிற விசுவாசிகளை எனக்குத் தெரியும்; வாடகைக்காரர் மேல் நம்பிக்கை இல்லாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் பொய் எழுத மறுத்த ஒருவரைவிட நல்ல வாடகைக்காரர் அவர்களுக்கு எங்கே கிடைப்பார்?

முறைப்பாட்டுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரிடம் பிடிக்கிற 8 சதவீதத்தோடு முதலாளி தன் பங்காக 12 சதவீதம் சேர்த்து, அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம். அதை ஊழியரிடம் பிடிக்கவே கூடாது. உங்களுக்குத் தனியாகப் பணிக்கொடையும் வர வேண்டும்: 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, விலகினாலும், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். உங்களுக்கு அது நாலரை மாதச் சம்பளம். நீங்கள் தேடுகிற அட்வான்ஸில் ஒரு பெரிய பங்கு. விலகல் கடிதத்தில் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று முறையிடுவதற்கு 6 மாதக் கெடு உண்டு. திகதியை இன்றே எண்ணிப் பாருங்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிறகு நாரஹேன்பிட்டியில் இருக்கிற தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

அந்தப் பொடியன் விரும்பினால் அவனையும் கூட்டிப்போங்கள். அவனுடைய வேலைக்கு ஆபத்து வரலாம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, முடிவை அவனிடமே விடுங்கள். அவனுடைய அடையாள அட்டை, பி கார்ட் (ஈ.பி.எஃப். அங்கத்துவ அட்டை) இருந்தால் அது, சம்பளச் சீட்டுகள் மாத வரிசையில். அசல்களை உங்கள் கையில் வைத்துக்கொண்டு போட்டோ கொப்பியை மட்டும் கொடுங்கள்.